சிங்கத்துக்கு இன்னொரு வனம்



தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த நமக்குச் சிங்கம் பெரும்பாலும் கல்லிலேயே பரிச்சயம். மாமல்லபுரத்துக் குடைவரைகளில் தூணைத் தலைமேல் தாங்கி அமர்ந்திருக்கும் சிங்கங்களையும், மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் தேவியைச் சுமந்துகொண்டு போர்க்களத்தில் பாயும் சிங்கத்தையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு, அந்தப் பிராணி எக்காலத்திலோ நம்முடைய காடுகளிலும் உலவியிருக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பாகவே உண்டாகிவிடுகிறது. ஆனால் சரித்திர காலத்தில் நருமதைக்குத் தெற்கே காட்டுச் சிங்கம் வாழ்ந்ததற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்பதே இயற்கை நூலாரின் முடிவு. பல்லவர் காலத்துச் சிற்பிகள் அவ்வளவு கம்பீரமாகச் செதுக்கிய மிருகம், அவர்கள் உளி பிடித்த நாட்களில் வடநாடு எங்கும் உயிரோடு திரிந்துகொண்டிருந்தது. இன்றோ ஆசியாக் கண்டம் முழுவதிலும் சுயேச்சையாகத் திரியும் சிங்கம் குஜராத்தின் சௌராஷ்டிரப் பிரதேசத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. அந்த ஓர் இடத்தில் அது எப்படிப் பிழைத்தது என்பதையும், ஓர் இடத்திலேயே இருப்பதால் அதற்கு நேரக்கூடிய அபாயத்தையும் பற்றிச் சொல்லவே இந்த மாலையில் உங்கள் முன் நிற்கிறேன்.

இந்த மிருகத்தின் ராஜ்யம் ஒரு காலத்தில் எவ்வளவு விரிந்து கிடந்தது! கி.மு. 480-இல் பாரசீகச் சக்கரவர்த்தி ஸெர்க்ஸஸ் கிரேக்கர்மேல் படையெடுத்துச் சென்றபோது, மாசிடோனியாவின் பக்கத்தில் இரவு வேளைகளில் சிங்கங்கள் வந்து அவனுடைய ஒட்டகங்களைத் தாக்கின என்று ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். நினிவே நகரத்து அரண்மனைச் சுவர்களில் அசீரிய மன்னன் அஸூர்பனிபாலின் சிங்க வேட்டையைச் செதுக்கிய பெயர் தெரியாத சிற்பி, அம்புகள் தைத்துப் பின்னங்கால்கள் செயலற்ற நிலையிலும் முன்னங்கால்களால் உடலை இழுத்துக்கொண்டு முழங்கும் ஒரு பெண் சிங்கத்தை வடித்திருக்கிறான். மன்னனின் வெற்றியைப் பாட வந்தவன் தன்னையும் அறியாமல் மிருகத்தின் பக்கம் சாய்ந்துவிட்டான் என்றே அதைப் பார்க்கும்போது தோன்றுகிறது. துருக்கி, சிரியா, ஈராக், பாரசீகம் என்று தொடர்ந்து, சிந்து நதியைக் கடந்து, கங்கைச் சமவெளி வழியே பீகார் வரையில் அதன் ஆட்சி பரவியிருந்தது. சாரநாத்தில் அசோகன் நிறுத்திய நான்முகச் சிங்கத்தை நாம் நம்முடைய அரசாங்க முத்திரையாகக் கொண்டிருக்கிறோம்.

புலியைவிடச் சிங்கம் விரைவில் க்ஷீணித்ததற்கு அதன் சுபாவமும் ஒரு காரணம். புலி அடர்ந்த காட்டிலும் நாணற் புதரிலும் தனித்து மறைந்து வாழ்வது. சிங்கமோ புல்வெளியும் முட்புதரும் கலந்த திறந்த நிலத்தில் கூட்டமாக வாழ்ந்து, தான் இருக்கும் இடத்தை முழக்கத்தால் ஊருக்கெல்லாம் அறிவித்து, மனிதனைக் கண்டால் உடனே ஓடி ஒளியாமல் நின்று பார்ப்பது. வில்லும் வேலும் ஏந்திய மனிதனுக்கு எதிரில் இந்தக் குணம் வீரமாக விளங்கியது. துப்பாக்கி வந்தபின் அதுவே மரணத்துக்கு வழியாயிற்று. முகலாயச் சக்கரவர்த்திகள் சிங்க வேட்டையைத் தங்களுக்கு மட்டுமே உரிய ராஜ விசேஷமாக வைத்திருந்ததனால் அக்காலத்தில் ஓரளவு கட்டுப்பாடாவது இருந்தது. அந்த ஆட்சி தளர்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரிகள் குதிரையேறி ஹரியானாவின் வறண்ட வெளிகளிலும், ராஜஸ்தானத்திலும், மத்திய இந்தியாவிலும் சிங்கத்தைச் சுட்டுக் குவிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டபோது அதைத் தடுப்பார் இல்லை; மேய்ச்சல் நிலங்கள் உழவுக்கு வந்துகொண்டிருந்ததனால் தப்பிய சிங்கங்களுக்கு ஒதுங்க இடமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் கத்தியவார் என்னும் சௌராஷ்டிரத்துக்கு வெளியே இந்தியச் சிங்கம் மறைந்தது. பாரசீகத்தில் எஞ்சியிருந்த சிலவும் 1940-களோடு முடிந்துபோயின.

அந்தக் கத்தியவாரில் இருந்த ஜூனாகத் ஒரு சிறிய சமஸ்தானம். அதன் நவாபுகள் தங்கள் எல்லைக்குள் கிர் மலைக்காட்டில் ஒதுங்கியிருந்த சிங்கங்களின்மேல் அபிமானம் வைத்து, தங்கள் அனுமதியின்றி எவரும் அவற்றைச் சுடலாகாது என்று தடுத்தார்கள். 1899-இல் மழை பொய்த்து, குஜராத்தியர் இன்றும் ‘சப்பனியா’ என்று பெயர் சொல்லி நடுங்கும் பெரும் பஞ்சம் வந்தது, கால்நடைகள் மடிந்தன, பசித்த சிங்கங்கள் காட்டைவிட்டு இறங்கி மாடுகளையும் மனிதர்களையும் தாக்கின. அந்த வேளையில், 1900-ஆம் ஆண்டு நவம்பரில், வைஸ்ராய் கர்ஸன் பிரபு ஜூனாகத்துக்கு வந்தார். விருந்தினருக்குச் சிங்க வேட்டை ஏற்பாடாகியிருந்தது. எஞ்சியிருப்பவை மிகச் சொற்பம் என்று அறிந்ததும், வேட்டைப் பிரியரான அவர் துப்பாக்கியைத் தொடாமல், நவாப் ரசூல்கானிடம் அவற்றைக் காக்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அப்போது பன்னிரண்டே இருந்தன என்று ஒரு கணக்கு வழங்கி வந்தது. வேட்டைக்கு வரும் கனவான்களைத் தடுப்பதற்காகச் சமஸ்தானத்தார் வேண்டுமென்றே குறைத்துச் சொன்ன எண்ணாக அது இருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். அப்படியாயின், வள்ளுவர் இடம்கொடுத்த பொய்களின் வரிசையில் இதற்கும் ஓர் ஆசனம் தரலாம். அந்தப் பொய்யின் நிழலில் ஒரு வம்சம் பிழைத்தது. 1936-இல் எண்ணியபோது 287 சிங்கங்கள் இருந்தன.

1947-இல் நவாப் மூன்றாம் மகபத்கான் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். ஓர் அரசனின் சொந்த அபிமானத்தையே காவலாகக் கொண்டிருந்த பிராணிக்கு இனி யார் காவல் என்ற கேள்வி எழுந்தது. அரசாங்கம் வேட்டையைத் தடுத்தது உண்மை; ஆயினும் 1968-ஆம் ஆண்டுக் கணக்கில் 177 சிங்கங்களே தென்பட்டன. துப்பாக்கி ஓய்ந்த பிறகும் எண்ணிக்கை ஏன் குறைந்தது என்பதை அந்நாட்களில் கிர்க்காட்டில் தங்கி ஆராய்ந்த பால் ஜோஸ்லின் என்பவர் விளக்கினார். காட்டுக்குள் மேய்ந்த எருமைகளும் பசுக்களும் புல்லையெல்லாம் தின்று தீர்த்ததனால் புள்ளிமான் முதலிய இரைப் பிராணிகள் அருகிவிட்டன. சிங்கம் தின்ற இரையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வீட்டுக் கால்நடையாகவே இருந்தது. அது அடித்த மாட்டையாவது நிம்மதியாகத் தின்ன விட்டார்களா? தோல் எடுப்பதை ஜீவனமாகக் கொண்ட ஏழைகள் வந்து சிங்கத்தை விரட்டிவிட்டுத் தோலை உரித்துக்கொண்டு போனார்கள். பிணத்தைக் கழுகுகள் முடித்தன. பசி தீராத சிங்கம் மறுநாள் இன்னொரு மாட்டை அடித்தது. மாட்டை இழந்தவன் ஆத்திரத்தில் பிணத்தில் நஞ்சு வைத்தான். வறியவனின் பசியும் மிருகத்தின் பசியும் ஒன்றோடொன்று மோதிய இந்தச் சுழலில் குற்றவாளி என்று யாரைச் சுட்டுவது?

1965-இல் கிர் சரணாலயமாயிற்று. 1972 முதல் தனித் திட்டம் ஒன்று வகுத்து, வெளிக் கால்நடைகள் புகாதபடி காட்டைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பி, உள்ளே வாழ்ந்த பல நூறு குடும்பங்களை வெளியேற்றி நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். 1975-இல் நடுப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. புல் மீண்டும் வளர்ந்தது, புள்ளிமான் பெருகியது, 1980-களின் பிற்பாதியில் டேராடூனிலுள்ள இந்திய வனவுயிர் நிறுவனத்தின் சார்பில் ரவி செல்லம் ஆராய்ந்தபோது, சிங்கத்தின் இரையில் பெரும்பகுதி காட்டுப் பிராணிகளாக மாறியிருந்தது. அவருடைய ஆராய்ச்சியோடு இணைந்து உழைத்தவர் நாங்குநேரியில் பிறந்து, சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்து, பின்பு நாட்டின் வனவுயிர் ஆராய்ச்சிக்கே ஒரு தலைமுறையைப் பயிற்றுவித்த ஏ.ஜே.டி. ஜான்சிங் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம். 1990-இல் 284, 2005-இல் 359, 2015-இல் 523, 2020-இல் 674, 2025-இல் 891 என்று எண்ணிக்கை ஏறி வந்திருக்கிறது. உலகில் பெரிய மாமிசபட்சிணி ஒன்று இவ்வளவு ஜனநெருக்கமுள்ள நாட்டில் இப்படி விருத்தியடைந்ததற்கு உதாரணம் அரிது.

இந்த வெற்றியில் அரசாங்கத்துக்கும் விஞ்ஞானிகளுக்கும் உரிய பங்கைச் சொன்ன நாம், மால்தாரிகளை மறந்துவிட்டால் அது பெரும் அநீதி. காட்டுக்குள் முள்வேலியிட்ட ‘நெஸ்’ என்னும் சிறு குடியிருப்புகளில், எருமைகளையே செல்வமாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் அந்த மக்களில் பெரும்பாலோர் மாமிசம் புசியாதவர்கள். பாலும் நெய்யும் விற்று ஜீவிப்பவர்கள். சிங்கம் தங்கள் தொழுவத்திலிருந்து அவ்வப்போது ஓர் எருமையை எடுத்துக்கொள்ளும் என்பதை, விளைச்சலில் ஒரு பகுதி காற்றுக்கும் மழைக்கும் போவதைப் போல ஏற்றுக்கொண்டு வாழக் கற்றவர்கள். நஷ்டஈட்டுப் பணம் வருகிறது என்பது உண்மை. ஆனால் பணம் மட்டும் கொடுத்து இத்தகைய சகிப்பை விலைக்கு வாங்க முடியுமானால், உலகில் பல நாடுகளில் சிங்கம் இன்னும் மிஞ்சியிருக்கும். காட்டைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் எல்லாம் சுகப்பட்டுவிடவில்லை. மேய்ச்சலைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள் கையில் ஏர் கொடுக்கப்பட்டபோது, பலர் நிலத்தை வைத்துக்கொள்ளவும் முடியாமல் காட்டுக்குத் திரும்பவும் முடியாமல் தவித்தார்கள். மான் பெருகியதற்கு அவர்கள் கொடுத்த விலையை எந்தக் கணக்கெடுப்பும் காட்டுவதில்லை.

காட்டின் எல்லைக்கு வெளியே உள்ள உழவர்களின் கதை வேறு வகையானது. கிர் பாதுகாப்புப் பகுதி ஏறத்தாழ 1,412 சதுர கிலோமீட்டர். இன்றுள்ள சிங்கங்களில் பாதிக்கு மேற்பட்டவை அதற்கு வெளியே, தலாலாவின் கேசர் மாந்தோப்புகளிலும், நிலக்கடலை வயல்களிலும், கிர்னார் மலையடிவாரத்திலும், கடற்கரையோரத்துச் சவுக்குத் தோப்புகளிலும் திரிகின்றன. பயிரை அழிக்கும் நீல்காயையும் காட்டுப்பன்றியையும் சிங்கம் அடக்குகிறது என்பதனால் அங்குள்ள உழவர்கள் அதை விரோதியாக எண்ணுவதில்லை. ஆயினும் கைப்பிடிச் சுவரில்லாத வயற்கிணறுகளில் விழுந்தும், பிபாவாவ் துறைமுகத்துக்குச் செல்லும் ரயில் பாதையில் அடிபட்டும் சிங்கங்கள் இறக்கின்றன. ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். இது விளம்பரம் இல்லாத நல்ல காரியம்.

கிணறும் ரயிலும் ஒவ்வொன்றாகக் கொல்பவை. மொத்தமாகக் கொல்லக்கூடியது நோய். 1994-இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி வெளியில், ஊர் நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய் சிங்கங்களைப் பற்றி, அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கை மாய்த்தது. செரங்கெட்டியில் ஆயிரக்கணக்கில் இருந்தபடியால் அந்த இனம் மீண்டெழுந்தது. அதே நோய் 2018-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கிழக்குக் கிர்ப்பகுதியின் தல்கானியா சரகத்தில் தோன்றி, உண்ணிகளால் பரவும் இன்னொரு நோயும் உடன்சேர, சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்களை வாரிக்கொண்டு போயிற்று. அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி தருவித்து, அண்டையிலிருந்த சிங்கங்களைப் பிடித்துத் தனிமைப்படுத்தியதனால் நோய் அந்தச் சரகத்தோடு நின்றது. நம் வண்டலூர் உயிரியல் பூங்காவில் 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம், மனிதரை வாட்டிய கொரோனாவே சிங்கங்களையும் தொற்றி, பெண் சிங்கம் ஒன்று மாண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிர்ச் சிங்கங்களுக்கோ மற்றோர் இடையூறும் உண்டு: மிகச் சிலவற்றின் வழித்தோன்றல்களாகையால் அவற்றின் மரபணுக்களில் வேறுபாடு மிகக் குறைவு என்று 1980-களிலேயே ஆராய்ந்து கண்டார்கள். ஒன்றை வீழ்த்தும் நோய்க்கு மற்றவையும் எளிதில் ஆட்படக்கூடும். 891 என்ற எண் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. அந்த 891-ம் ஒரே நிலப்பரப்பில் ஒன்றோடொன்று கலந்து திரிகின்றன என்பது அந்த மகிழ்ச்சியைக் குலைக்கிறது.

ஆப்பிரிக்காவில் சிங்கம் ஏராளம் என்று நினைத்து ஆறுதல் அடையவும் இடமில்லை. அந்தக் கண்டத்தில் எஞ்சியவை இருபதினாயிரத்துக்குச் சற்று மேல் என்பதே பொதுவான மதிப்பீடு. மேற்கு ஆப்பிரிக்காவிலோ சுமார் 400-தான். இறைச்சிக்காக வைக்கும் கம்பிச் சுருக்குகளும், மாட்டுப் பிணத்தில் தெளிக்கும் பூச்சிமருந்தும், இரை குறைவதும் அங்கே எமனாக வந்திருக்கின்றன. கென்யாவின் அம்போசெலிப் பகுதியில் 2007 முதல் நடக்கும் ஒரு முயற்சி மட்டும் நெஞ்சுக்கு இதமானது. சிங்கத்தைக் கொன்று வீரம் காட்டுவதை மரபாகக் கொண்ட மாசாய் வாலிபர்களே அங்கே சிங்கக் காவலர்களாக நியமிக்கப்பட்டு, தடம் பார்த்து மேய்ப்பர்களை எச்சரித்து, தொலைந்த மாடுகளைத் தேடித் தந்து, முள்வேலிகளைச் செப்பனிட்டு, தாங்கள் காக்கும் சிங்கங்களுக்குப் பெயரும் இடுகிறார்கள்.

ஆகவே ஆசியச் சிங்கத்துக்கு இரண்டாவது வனம் ஒன்று வேண்டும். இந்த யோசனை புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவாலியர் மகாராஜா ஆப்பிரிக்கச் சிங்கங்களைத் தருவித்துத் தம்முடைய காட்டில் விட்டார். அவை ஊருக்குள் புகுந்து மாட்டையும் மனிதரையும் தாக்கத் தொடங்கவே ஏற்பாடு பாழாயிற்று. 1957-இல் கிர்க்காட்டிலிருந்து ஓர் ஆணும் இரு பெண்களுமாக மூன்று சிங்கங்களைக் காசிக்கு அருகிலுள்ள சந்திரபிரபா சரணாலயத்தில் கொண்டுபோய் விட்டார்கள். 1965-இல் அவை பதினொன்றாகப் பெருகியிருந்தன. அதற்குப்பின் ஒவ்வொன்றாக மறைந்தன. எப்படி மறைந்தன என்று சொல்வதற்குக்கூட அவற்றைத் தொடர்ந்து கவனித்தவர் இல்லை. சிறிய வனம், அதைச் சூழ்ந்த ஊர்கள், சம்மதம் கேட்கப்படாத ஜனங்கள்: தோல்விக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்தப் பாடத்தை மனத்தில் கொண்டுதான் 1990-களில் ஜான்சிங்கும் செல்லமும் அவர்களுடைய தோழர்களும் ராஜஸ்தானத்துச் சரணாலயங்கள் சிலவற்றையும் மத்தியப் பிரதேசத்துக் குனோவையும் நேரில் ஆராய்ந்து, குனோவே தகுதியானது என்று முடிவு செய்தார்கள். அதன்பின் நடந்ததை நான் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். சிங்கத்துக்கு இடம் செய்வதற்காகக் குனோவுக்குள் இருந்த 24 கிராமங்களின் மக்கள், ஏறத்தாழ 1,500 குடும்பங்கள், அவர்களுள் பெரும்பாலோர் சஹாரியா என்னும் பழங்குடியினர், தங்கள் வீடுகளையும், வயல்களையும், தெய்வங்களின் மேடைகளையும், பிசின் எடுத்த மரங்களையும் விட்டு வெளியேறினார்கள். நாட்டின் மிக வறிய மக்களுள் அவர்கள் சேர்ந்தவர்கள். சிங்கம் வரப்போகிறது என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. சிங்கம் வரவில்லை.

குஜராத் அரசு சிங்கத்தைக் கொடுக்க மறுத்தது. அதன் வாதங்களை அற்பம் என்று தள்ளிவிட நான் துணியமாட்டேன். மத்தியப் பிரதேசம் பன்னாவில் தன்னுடைய புலிகள் அனைத்தையும் 2009-க்குள் இழந்தது. அத்தகையவர் கையில் எங்கள் செல்வத்தை ஒப்படைப்பதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆயினும் அதே பன்னாவில் வேறு காடுகளிலிருந்து புலிகளைக் கொணர்ந்து விட்டு, இன்று அங்கே புலிகள் செழித்திருப்பதையும் பார்க்க வேண்டும். குனோவின் கோடை வெப்பம் அதிகம், ரண்தம்போரின் புலிகள் அங்கே வந்து போகின்றன என்றும் சொன்னார்கள். சிங்கமும் புலியும் வட இந்தியாவில் நூற்றாண்டுகளாக அருகருகே வாழ்ந்தவை. இவை அனைத்தையும் கேட்டபின் உச்சநீதிமன்றம் 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி, மாநிலத்தின் பெருமையை அளவாகக் கொள்ளாமல் அந்தப் பிராணியின் நலத்தையே அளவாகக் கொண்டு, ஆறு மாதங்களுக்குள் சிங்கங்களைக் குனோவுக்கு அனுப்பத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு இன்றுவரை நிறைவேறவில்லை. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகளைக் கொணர்ந்து குனோவில் விட்டார்கள். சிவிங்கிப்புலியின்மேல் எனக்கு விரோதம் இல்லை; ஆனால் கடல் கடந்த மிருகத்துக்குச் செய்ய முடிந்த ஏற்பாட்டை, அண்டை மாநிலத்து மிருகத்துக்குச் செய்ய முடியாமற் போனதற்கு என்ன சமாதானம் சொல்வது?

இப்போது போர்பந்தருக்கு அருகிலுள்ள பர்டா சரணாலயத்தை இரண்டாவது வனம் என்று காட்டுகிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சிங்கம் இல்லாதிருந்த அந்தக் குன்றுகளுக்கு 2023-இல் ஒரு சிங்கம் தானாகவே நடந்து வந்து சேர்ந்தது. 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் அங்கே 17 இருந்தன. இது நல்ல செய்தி. ஆனால் பர்டா இருநூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பு. கிர்ச் சிங்கம் நடந்தே போய்ச் சேரக்கூடிய தூரத்திலேயே அது இருக்கிறது. சிங்கம் நடந்து போகும் வழியே நோயும் நடந்து போகும். ஜான்சிங் முதலியோர் குனோவைச் சொன்னதற்குக் காரணமே, கிர்க்காட்டில் எது நேர்ந்தாலும் அங்கே எட்டாது என்பதுதான்.

சௌராஷ்டிர மக்கள் இந்த மிருகத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேல் காப்பாற்றித் தந்திருக்கிறார்கள். அவர்களுடைய அபிமானத்தை நான் வணங்குகிறேன். குனோவுக்கு ஒரு குடும்பத்தை அனுப்பினால் அவர்கள் பெருமையில் ஒன்றும் குறையாது. செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. சிங்கங்களைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஆட்களை, மாசாய் வாலிபர்களைப் போல, அந்தப் பிரதேசத்துச் சஹாரியா இளைஞரிலிருந்தே முதலில் நியமிக்க வேண்டும். சுற்றுப்புறத்து நாய்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். மாட்டை இழப்பவனுக்கு நஷ்டஈடு தாமதமின்றிக் கிடைக்க வழிசெய்ய வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிர்க்காட்டிலிருந்து புதிய சிங்கங்களை அனுப்பி ரத்தக் கலப்பு குன்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் சிங்கக் குடும்பத்தைக் குனோவில் திறந்துவிடும் நாளில், மேடையில் மந்திரிகளுக்குப் போடும் ஆசனங்களுக்கு முன்பாக, அந்த 24 கிராமத்தாருக்கு ஆசனம் போட வேண்டும் என்பதையும் என்னுடைய கோரிக்கையாக இந்தச் சபையில் பதிவுசெய்கிறேன்.